வீட்டுக்கு நீர்மானி தேவையா: ஹட்டன் மலைச்சரிவில் ஆறு வருட அனுபவம்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே தேயிலைச் சரிவில் இருக்கும் எங்கள் வீட்டில் நீர்மானி பொருத்தி ஆறு வருடங்கள் ஆகின்றன. காட்டோரத்து ஊற்றிலிருந்து தாங்கிக்கு இறங்கி, அங்கிருந்து வீடுகளுக்குப் பிரியும் தண்ணீர் இது. எல்லா வீட்டிடமும் ஒரே மாதக் கட்டணம் வாங்கிவந்த ஊர் நீர்த்திட்டச் சங்கம், விரும்பியவர்கள் மீட்டர் பொருத்திக்கொண்டு பாவித்த அலகுக்கு மட்டும் பணம் கட்டலாம் என்று அறிவித்தது. "பீலித் தண்ணிக்கு மீட்டரா?" என்று அம்மா கேட்டார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், எல்லோருக்கும் பொதுவான நீர்க்குழாயான பீலியில் வரிசையில் நின்று குடம் நிறைத்து வளர்ந்தவர் அப்படிக் கேட்டது நியாயமே. எனக்கும் அதே தயக்கம் இருந்தது.

ஓர் அலகு என்பது ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லீற்றர். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று வைத்தால் 30 நாளில் 12 அலகு ஆகும். அந்த அளவுக்கு வரும் பணம் பழைய மாதக் கட்டணத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்ததால் சம்மதித்தோம்.

முதல் மாதப் பட்டியலில் 23 அலகு என்று இருந்தது. மீட்டரில்தான் பிழை என்று உறுதியாக நம்பி, அன்றிரவு எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருக்கும் சிறிய நட்சத்திரச் சக்கரம் நிற்காமல் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் 15 லீற்றர், நாளுக்கு 360, மாதத்துக்கு ஏறக்குறைய 11 அலகு. மறுநாள் பீட்ரூட் அவித்த தண்ணீரை மலசலகூடத்து ஃப்ளஷ் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் எவரும் பாவிக்காமல் விட்டோம். கொமட்டின் வெள்ளைப் பீங்கானில் இளஞ்சிவப்புக் கோடொன்று இறங்கியிருந்தது. தொட்டியின் அடியில் இருந்த இறப்பர் மூடி தேய்ந்திருந்தது. அதை மாற்றியதும் அடுத்த மாதம் 12 அலகுக்கு வந்துவிட்டது.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு விடயம். பத்து மீட்டர் உயர வித்தியாசத்துக்குக் குழாயில் ஒரு பார் அமுக்கம் கூடும் என்பதால், தாங்கிக்கு வெகு கீழே இருக்கும் எங்களைப் போன்ற வீடுகளில் சிறு கசிவும் வேகமாக ஓடும். தாங்கியை ஒட்டிய மேட்டு வீடுகளுக்கோ, ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்து ஊற்றும் மெலியும் நாட்களில், தாங்கியின் மட்டம் சற்று இறங்கினாலே குழாய் வற்றிவிடும். மேலே இருப்பவர்கள் விடியுமுன் எழுந்து குடங்களுடன் காத்திருந்த வருடங்களில், எங்கள் கசிவு எவருக்கும் தெரியாமல் ஓடியிருக்கிறது. ஒரே மாதக் கட்டணம் அதை மறைத்துவைத்தது. மீட்டர் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுவே.

குறைகளும் உண்டு. சரிவான நிலத்தில் மீட்டரைச் சாய்வாகப் பொருத்தியிருந்தார்கள். சாய்ந்த மீட்டர் மெல்லிய ஓட்டத்தைச் சரியாகப் பதியாது என்பதால் பிறகு சீமெந்துத் திட்டு கட்டி மட்டமாக்கினோம். ஆனி, ஆடி மழையில் மண்ணும் இலைத்தூளும் வந்து உள்வலையை அடைத்துவிடும். அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். எல்லாவற்றிலும் தொல்லை காற்றுதான். தண்ணீர் நின்று மீண்டும் வரும்போது முன்னே தள்ளப்படும் காற்றே சக்கரத்தைச் சுழற்றிவிடும். காற்றுக்குப் பணம் கட்டிய மாதமும் உண்டு. பிரதான குழாயில் காற்று வால்வு வைத்த பின்னரே அது அடங்கியது.

வீட்டில் ஆட்கள் அதிகம், லீக்ஸ் மரக்கறிப் பாத்திக்கும் இதே தண்ணீரைத்தான் இறைக்கிறீர்கள் என்றால், பழைய மாதக் கட்டணமே உங்களுக்கு மலிவாக இருக்கலாம். அந்த நிலையில் மழைநீருக்கு ஒரு பீப்பாய் வைத்த பிறகு மீட்டரைப் பற்றி யோசிக்கலாம். மூன்று, நான்கு பேர் மட்டும் உள்ள வீடு என்றால் தயங்க வேண்டியதில்லை. கறுப்பு எண்கள் மட்டுமே முழு அலகுகள் என்பதையும், சிவப்பு எண்கள் அலகின் பின்னங்கள் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

போன மாதம் மேட்டு வீட்டு அண்ணன் இதே கேள்வியுடன் வந்தார். பொருத்துவதற்கு முன் ஃப்ளஷ் தொட்டியைச் சோதிக்கச் சொல்லி, அரைப் போத்தல் பீட்ரூட் தண்ணீரை அம்மாவே அவரிடம் கொடுத்தனுப்பினார்.