சிந்துவெளி முத்திரை நகல் பெட்டி: கை வேலை நன்று, கையேடு அவசரம்

பன்னிரண்டு சிந்துவெளி முத்திரைகளின் நகல்கள், அவற்றைப் பதித்துப் பார்க்கக் களிமண், கூடவே ஒரு சிறு கையேடு என்று அமைந்த பெட்டி ஒன்றை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். தயாரிப்பாளரின் பெயர் இங்கே தேவையில்லை.

நகல்களைப் பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. மூல முத்திரைகளைப் போலவே மாக்கல்லில் செதுக்கி, பின்புறம் கயிறு கோக்கத் துளையிட்ட குமிழையும் மறக்காமல் வைத்திருக்கிறார்கள். ஒற்றைக் கொம்பு விலங்கு உள்ள முத்திரையைக் களிமண்ணில் அழுத்தி எடுத்தபோது, கழுத்தின் மடிப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தன. எழுத்து வரிசையின் இடக்கோடியில் இடம் போதாமல் கடைசிக் குறி நெருக்கி ஒடுக்கப்பட்டிருப்பதையும் கண்டேன். வரிவடிவம் வலமிருந்து இடமாக ஓடியது என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் சான்றுகளுள் இந்த நெருக்கமும் ஒன்று. ராஜஸ்தானில் உள்ள சிந்துவெளிக் கால ஊரான காளிபங்கனில் கிடைத்த பானை ஓடுகளில் ஒரு கீறலின் மேல் அடுத்த கீறல் ஏறியிருக்கும் முறையை ஆராய்ந்து தொல்லியலாளர் பி.பி.லாலும் அதே முடிவுக்கு வந்தார். படிக்க முடியாத எழுத்தைப் பற்றியும் இவ்வளவு உறுதியாக ஒன்றைச் சொல்ல முடிகிறது என்பதை விரல் நுனியில் உணரவைத்தது இந்தப் பெட்டிதான்.

சிக்கல் கையேட்டில் தொடங்குகிறது. அதே விலங்கின் முன்னால் ஒரு தண்டின் மேல் கிண்ணம் போன்ற பொருள் நிற்கிறது. அது தீவனத் தொட்டியா, தூபக் கலமா, கல்வெட்டியல் அறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதியதுபோல் சோமச் சாறு வடிகட்டியா என்பது முடிவாகாத வழக்கு. கையேடோ “தூபக் கலம்” என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பச் சொல்கிறது. யோக நிலையில் அமர்ந்த உருவத்தைப் “பசுபதி” என்று எழுதும்போதும் இதே அவசரம்தான். அது சிவனின் முன்வடிவம் என்பது அன்றைய தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் முன்வைத்த விளக்கமே தவிர முத்திரையில் எழுதியிருக்கும் செய்தியன்று. மொகஞ்சதாரோவின் “தானியக் களஞ்சியத்தில்” தானியம் எதுவும் கிடைக்கவில்லை என்பதற்கும் கையேட்டில் ஒரு வரி இல்லை.

எழுத்தைப் பற்றிய பகுதிதான் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்துவெளிப் பொறிப்புகளின் தொகுப்பு 417 குறிகளைக் கணக்கிடுகிறது. ஆய்வாளர் பிரையன் வெல்ஸின் பட்டியலிலோ அறுநூறுக்கும் மேல். எவை தனிக் குறிகள், எவை ஒரே குறியின் வேறு வடிவங்கள் என்பதிலேயே உடன்பாடு இல்லை என்பதுதான் இதன் பொருள். ஒரு பொறிப்பின் சராசரி நீளம் ஐந்து குறிகள் அளவே. ஒப்பிட்டுப் படிக்க இருமொழிக் கல்வெட்டு இதுவரை கிடைக்கவில்லை. இது மொழியைப் பதிவு செய்யும் எழுத்தே அன்று என்று 2004இல் வாதிட்டவர்களும் உண்டு. இவற்றுள் ஒன்றையும் சொல்லாத கையேடு, மீன் குறிக்கு நேரே “மீன் = விண்மீன், பழந்தமிழ்” என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. எழுத்தின் மொழி திராவிட மொழி, அதனால் மீன் படம் விண்மீனைக் குறிக்கும் என்று ஹீராஸ் பாதிரியார் தொடங்கி, பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா விரித்தெடுத்த அந்தக் கருதுகோள் அழகானது. தமிழனாக எனக்கு அது உண்மையாக இருக்கவேண்டும் என்ற ஆசையும் உண்டு. ஆசை இருக்கும் இடத்தில்தான் “இருக்கலாம்” என்ற சொல் கட்டாயம் தேவைப்படுகிறது. எழுத்து படிக்கப்பட்டுவிட்டது என்றால், அதை விளங்கிக்கொள்ள வழி காண்போருக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்திருக்க வேண்டியதில்லை.

கையேட்டில் ஒரு பக்கம் மட்டும் விதிவிலக்கு. ஹரியானாவில் உள்ள சிந்துவெளிக் கால ஊரான ராகிகரியின் மரபணு ஆய்வைப் பற்றிய அந்தப் பக்கம், 2019இல் வெளியான முடிவு ஒரே ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டிலிருந்து கிடைத்த மரபணுவைக் கொண்டது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. இதை எழுதியவரிடமே மற்றப் பக்கங்களையும் கொடுத்திருக்கலாம்.

முத்திரைகளுக்காக இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் கையேட்டைத் தாங்கள் ஒருமுறை படித்து, பென்சிலால் கேள்விக்குறிகள் இட்டுக் கொடுப்பது நல்லது. களிமண் ஐந்தாறு பதிப்புக்கே உலர்ந்து வெடித்துவிடுகிறது. ஈரத்துணியில் சுற்றி வைத்தால் இன்னும் சில நாள் வரும்.