புல்லை நிமிர்த்தும் கருவிக்காக வாங்கலாம்: மாடல் ரயில் வயல்-காடு பெட்டி

மாடல் ரயிலுக்கு வயலும் காடும் அமைக்கும் சாமான் பெட்டி ஒன்றை ஷார்ஜாவிலிருந்து மருமகன் அனுப்பியிருந்தார். விலை தெரியாது. மேலே ஒட்டியிருந்த விலைச்சீட்டை மகள் கிழித்துவிட்டுத்தான் கொடுத்தனுப்பினாள். தெரிந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். கம்பெனிப் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன்.

நான் ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவன். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததுதான் உத்தியோகம். மீட்டர் கேஜ் காலத்தில் சேர்ந்தேன். 2007-ல் அகலப் பாதை ஆன பிறகும் அதே வழியில் நடந்தேன். பெட்டியின் அட்டைப்படத்தைவிட நான் நடந்த அந்த ஓரங்கள்தான் எனக்கு அளவுகோல்.

என் லேஅவுட் சின்னது. சுவரோரம் ஒரு ப்ளைவுட் பலகை, அதில் நேர்ப்பாதை, எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. வட்டமாக ஓட்ட வீட்டில் இடம் இல்லை, போய்த் திரும்பி வரும். கடையில் கிடைக்கும் எச்ஓ பாதைக்கு அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜுக்கு இது 11.5 இருக்க வேண்டும், அகலப் பாதைக்கு 19.3. இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்கிறது. கேஜ் வைத்துப் பார்த்தே பழகிய கண்ணுக்கு உறுத்தும். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். உள்ளே புல் தூவும் கருவி, மூன்று நீளத்தில் நைலான் புல் நார், பச்சைப் பஞ்சுத் தூள், பாசி, ஒரு பை ஜல்லி, வெள்ளைப் பசை, மரங்கள், அப்புறம் பண்ணை என்ற பேரில் ஒரு சிவப்புக் களஞ்சியம், பலகை வேலி, கறுப்பு வெள்ளை மாடுகள்.

முழு மார்க் கருவிக்குத்தான். கைப்பிடிக்குள் 9 வோல்ட் பேட்டரி, முனையில் கம்பிச் சல்லடை, பக்கத்தில் முதலை வாய் கிளிப்போடு ஒரு ஒயர். பலகையில் பசை தடவி, அந்த ஈரத்தில் ஓர் ஆணியைக் குத்தி, ஆணியில் கிளிப்பை மாட்ட வேண்டும். பொத்தானை அமுக்கிக்கொண்டு சல்லடையை ஓர் அங்குல உயரத்தில் ஆட்டினால் நார் கீழே விழும்போதே நிமிர்ந்து, பசையில் குத்திட்டு நிற்கிறது. சல்லடைக்கும் பசைக்கும் நடுவே பல ஆயிரம் வோல்ட் மின்புலம் உண்டாகி, ஒவ்வொரு நாரும் அதன் திசையில் திரும்பிக்கொள்வதுதான் சூட்சுமம். மின்னோட்டம் மிகக் குறைவு, கை பட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவே. கையால் தூவினால் எல்லாம் படுத்துவிடும். முதல் தடவை பார்த்த பேரன், "தாத்தா, இது முளைக்குது" என்றான்.

ஆணியை அடிக்கடி இடம் மாற்றுங்கள். கிளிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனாலே புல் சாய ஆரம்பிக்கிறது. இன்னொன்று, நம் ஊர்க் கடல்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் நார் ஈரம் வாங்கிச் சல்லடையிலேயே கட்டி கட்டியாக நின்றுவிடும். அந்த மாதங்களில் நாரைத் தட்டில் பரப்பி வெயில் காட்டிவிட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் வைத்துக்கொள்வது உத்தமம். குறிப்புப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நார் நீளம் 2, 4, 6 மில்லிமீட்டர். 87 ஆல் பெருக்கினால் 17, 35, 52 சென்டிமீட்டர் புல். ஆனால் நிறம்! மூன்றில் இரண்டு பாக்கெட் பளிச்சென்ற பச்சை. மழை முடிந்த மார்கழியில் சில வாரம் தவிர எங்கள் பக்கத்தில் அந்தப் பச்சையைப் பார்க்க முடியாது. வைக்கோல் நிறத்தில் இருந்ததோ ஒரே ஒரு சின்னப் பாக்கெட், 2 மில்லிமீட்டர். அதுதான் எனக்குப் பொக்கிஷமாகப் போயிற்று. என் மாடலில் மாதம் மாசி. நெல் அறுத்து முடிந்த வயலில் நிற்கும் அடித்தாளுக்கு அந்த 17 சென்டிமீட்டர் கச்சிதம். ராமநாதபுரத்தில் மானாவாரி நெல் பெரும்பாலும் நேரடி விதைப்புதான், வரிசை நடவு குறைவு. அதனால் கருவி தாறுமாறாக நட்டாலும் பார்வைக்குச் சரியாக இருக்கிறது.

நீங்களும் முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். மாசி, பங்குனி என்றால் களத்தில் சிவப்பு வேண்டும், முண்டு மிளகாய் காய்கிற நேரம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாயாயிற்றே, விட மனசு வருமா? உச்சிப்புளிப் பக்கம் அவ்வளவு மிளகாய்க் கொல்லை இல்லை என்பது எனக்கும் தெரியும். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு களத்தை இழுத்து வந்துவிட்டேன், மாடல்காரனுக்கு அந்தச் சலுகை உண்டு. மிளகாய்த் தூளையே போட்டால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். வண்டு வைத்துவிடும் என்று சொல்லி, சிவப்புக் கோலப்பொடியைச் சலித்துப் பசைமேல் தூவினேன். முண்டு மிளகாய் இந்த அளவில் வெறும் தூசிதான், அதனால் பொடி போதும்.

மரங்களுக்குப் பாஸ் மார்க்கூடக் கொடுக்கத் தயங்குகிறேன். பாதி கூம்பு பைன், மீதி காலிஃபிளவர் மாதிரி உருண்டை. உருண்டை மரங்களில் இரண்டின் உச்சியைத் தட்டையாக வெட்டி, அடியில் இலைகளை உருவி, குடை விரித்த உடை மரம் ஆக்கினேன். மண்டபம் பக்கம் நிற்கிற அதே சாயல். பைனைத் தூக்கிப் போடாதீர்கள். கீழ்க் கிளைகளைக் கத்தரித்து, மேலே பஞ்சைப் பாதிக்குமேல் பிய்த்துவிட்டு, நெருக்கமாக வரிசையில் நட்டால் சவுக்குத் தோப்பு. எல்லா மரத்தையும் ஒரே பக்கம் லேசாகச் சாய்த்து நடுங்கள், கடற்கரையில் நேராக நிற்கிற மரம் எது?

பனையைப் பெட்டியில் எதிர்பார்க்க முடியாது, நாமே செய்ய வேண்டும். 20 மீட்டர் பனை எச்ஓவில் 23 சென்டிமீட்டர் உயரம் வரும். மூங்கில் குச்சியில் நூலை நெருக்கமாகச் சுற்றிச் சாம்பல் கறுப்பு அடித்தால் மரத்தின் வளையங்கள் தெரியும். ஓலைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வட்டக் காகிதத்தை விசிறியாக மடித்து நுனியை நறுக்க வேண்டும். ஒரு மரத்துக்கு இருபது, முப்பது ஓலை. பச்சை ஓலைக்குக் கீழே காய்ந்து தொங்கும் பழுப்பு ஓலைகளை மறந்தால் அது பனையே இல்லை. சீமைக்கருவேலத்துக்குக் காய்ந்த துளசிக் கிளையில் பெட்டியின் பஞ்சுத் தூளை மங்கலாக்கி ஒட்டினேன். அதன் நடுவில் மண் பூசிய ஒரு கரிமூட்டமும் உண்டு.

இனி என் தொழில் விஷயம். அட்டைப்படத்தில், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டை ஓரத்திலும் ஜல்லிக்குள்ளும் புல்லை அழகாக வளர்த்திருக்கிறார்கள். எங்களுக்கு அது அழகு இல்லை, வேலை. ஜல்லியில் புல் இருந்தால் மண் அடைத்திருக்கிறது, தண்ணீர் வடியவில்லை என்று அர்த்தம், மேஸ்திரி கேட்பார். கைவிட்ட சைடிங், அதாவது பக்கப் பாதை என்றால் வளர்க்கலாம். ஓடுகிற பாதையில் ஜல்லிச் சரிவு முடிந்த இடத்திலிருந்துதான் புல்லை ஆரம்பிக்க வேண்டும். பெட்டியின் ஜல்லியும் பெரிசு. நம் ரயில்வே ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை. 87 ஆல் வகுத்தால் முக்கால் மில்லிமீட்டருக்குமேல் ஒரு கல்லும் வரக் கூடாது. பெட்டியில் இருந்தது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியது. அதை ஓடைக்கரையில் கொட்டிவிட்டேன்.

கடல் மண் இருக்கிறதே என்று அப்படியே அள்ளிப் போடாதீர்கள். உப்பு ஈரம் இழுக்கும், தண்டவாளம் கறுக்கும். நாலைந்து தரம் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அதற்குமேல் ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் அவ்வளவையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் மோட்டாரிலுள்ள காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பசையில் குறை இல்லை, ஆனால் சீக்கிரம் தீரும். தீர்ந்த பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் சமபாகம், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, வித்தியாசமே தெரியவில்லை. சிவப்புக் களஞ்சியம் பேரனிடம் போய்விட்டது. பலகை வேலிக்குப் பதில் ஈர்க்குச்சியைச் சீவிப் பனைமட்டை வேலி. மாடுகளுக்கு வெள்ளையடித்தேன். வைக்கோல் படப்புக்குத் தென்னை நாரைப் பொடிசாக நறுக்கியதே போதும்.

வெளிநாட்டில் ஆள் இல்லாதவர்கள் முழுப் பெட்டிக்குச் செலவழிக்க வேண்டாம். கருவி தனியாகவே விற்கிறது. அதுவும் கட்டுப்படி ஆகாது என்றால், கொசு பேட்டின் வலையைக் கழற்றிவிட்டு ஒரு முனையில் இரும்பு டீ வடிகட்டி, இன்னொன்றில் ஆணிக்கு ஒயர் என்று இணைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2 மில்லிமீட்டர் நார் அதில் நன்றாக நிற்கிறது, 6 திணறுகிறது. ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நார் வாங்கும்போது மட்டும் கடைக்காரர் எதை நீட்டினாலும் வைக்கோல் நிறம், காய்ந்த புல் நிறம் என்று கேட்டு இரண்டு பங்கு வாங்குங்கள், பச்சை ஒரு பங்குக்குமேல் வேண்டாம்.