ஒற்றைத் தடியா, நாலு கால் தடியா, வாக்கரா? சேலத்து வீட்டுக்கும் ஏற்காட்டுச் சரிவுக்கும் ஓர் ஒப்பீடு

என் ஓட்டு ஒற்றைத் தடிக்குத்தான். ஒருமுறை விழுந்த பெரியவர் "எதுக்கு வம்பு" என்று கட்டிலோடு ஒதுங்கிவிட்டால் தொடைத் தசை இளைத்துவிடும், அப்புறம் பாத்ரூம் போகும் வழியிலேயே கால் மடங்கும். அதனால் எதைப் பிடித்துக்கொண்டு அவர் தெருமுனை வரைக்கும் போய் வருவார் என்பதுதான் கேள்வி.

வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை. நாற்காலியிலிருந்து மூன்று மீட்டரில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

பயத்தைத் தனியாகக் கேளுங்கள். உடுத்தும்போது, குளிக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது, படியில், எட்டியோ குனிந்தோ ஒன்றை எடுக்கும்போது, சரிவில், விசேஷத்துக்குப் போகும்போது விழுந்துவிடுவோமோ என்று எவ்வளவு கவலை? ஒவ்வொன்றுக்கும் 1 (கவலையே இல்லை) முதல் 4 (ரொம்பக் கவலை) வரை மதிப்பெண். மொத்தம் 7க்கும் 28க்கும் நடுவில் வரும். இரண்டு சோதனையும் ஒரே பதிலைத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிட்னியில் 70 முதல் 90 வயது வரையுள்ள 500 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், சுமார் மூன்றில் ஒருவருக்குப் பயமும் உடம்பின் நிலையும் பொருந்தவில்லை. நன்றாக நடப்பவர் பயந்தால் அவர் கையில் வாக்கரைத் திணிக்காதீர்கள். தள்ளாடிக்கொண்டே "எனக்கென்ன" என்பவருக்குத்தான் கூடுதல் பிடிமானம் தேவை.

வாக்கர் சமதளத்துக்கு அருமை. இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவருக்கு முதல் வாரங்களில் பெரும்பாலும் அதுதான். ஆனால் நிலைப்படி, குறுகிய பாத்ரூம் கதவு, வாசலில் இரண்டு படி என்று பழைய சேலத்து வீடுகளில் அது முட்டிக்கொண்டே நிற்கும். கதவை டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நாலு கால் தடி, கையை விட்டாலும் தானாக நிற்கும். பக்கவாதத்தில் ஒரு கை ஓய்ந்தவருக்கு இது பெரிய வசதி. ஆனால் நாலு பாதமும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். எஸ்டேட் பாதையின் சரிவிலும் கல்லிலும் அது இரண்டு காலில் நின்று ஆடும், ஒரு ஆட்டம் போதும் நம்பிக்கை போக. படியகலத்துக்குள் பாதம் அடங்காவிட்டால் தடியைத் திருப்பி வைக்கவும் வேண்டும்.

ஒற்றைத் தடிக்கு உயரம் முக்கியம். வழக்கமான செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்புக்குப் பிடி வர வேண்டும். நோவுள்ள காலுக்கு எதிர்க்கையில் பிடித்து, அந்தக் காலும் தடியும் சேர்ந்தே முன்னே போக வேண்டும். நோவுக் காலின் பக்கமே பிடிப்பதுதான் பலர் செய்யும் தவறு. படியேற நல்ல கால் முதலில், இறங்கத் தடியும் நோவுக் காலும் முதலில்.

ஆனால் என்னைக் கேட்டால், எல்லாம் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில்தான் இருக்கிறது. தடியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வட்ட வட்டமான வரிகள் தெரிய வேண்டும். வழவழப்பாகியிருந்தாலோ, விளிம்பு வெடித்திருந்தாலோ, நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தாலோ உடனே மாற்றுங்கள். வெயிலில் சாத்தி வைத்த தடியில் ரப்பர் சீக்கிரம் இறுகும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தடி சாய்வாக ஊன்றப்படுகிறது. உயரத்தையும், எவ்வளவு தள்ளி ஊன்றுகிறார் என்பதையும் பாருங்கள். மலிவான புஷ்ஷில் உள்ளே இரும்பு வாஷர் இருக்காது, குழாய் ரப்பரைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். பழைய புஷ்ஷைக் கடைக்குக் கொண்டுபோங்கள். 19 மி.மீ., 22 மி.மீ. என்று உள்ளளவு மாறும், தளர்ந்தால் கழன்றுவிடும். மாட்டும்போது எண்ணெய் வேண்டாம், சோப்புத் தண்ணீர் தொட்டுத் திருகினால் போதும். மாதம் ஒருமுறை வரிகளுக்குள் அடைத்த மண்ணைப் பழைய டூத்பிரஷ்ஷால் எடுங்கள். வாசல் தெளித்த ஈரமும் கோலப்பொடியும் ஒட்டிய புஷ், மொசைக் தரையில் ஐஸ் மாதிரி வழுக்கும்; உள்ளே வரும்போது துடைக்கப் பழக்குங்கள்.

கூடவே கால் பயிற்சியும் வேண்டும், தடி அதற்கு மாற்று இல்லை. பார்க்கின்சன், தலைசுற்றல் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்வதுதான் சரி.

ஏற்காட்டில் பலர் தடி ஊன்ற வெட்கப்பட்டுக் குடையை ஊன்றுகிறார்கள். அதன் முனையில் ரப்பர் இல்லை, பாறையில் சறுக்கும். பாசி பிடித்த படியிலும், மழையில் நனைந்து கிடக்கும் சில்வர் ஓக் இலையிலும் புதுப் புஷ்ஷே நிற்காது. அந்தப் பாதைக்கு வெயில் ஏறிக் காய்ந்த பிறகு போகச் சொல்லுங்கள்.