டிஜிட்டல் கையொப்பத்தில் பார்க்க வேண்டியது பெயரை: சிக்செக் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

இறக்கிய இன்ஸ்டாலரில் டிஜிட்டல் கையொப்பம் (கோப்பை வெளியிட்டவர் யார் என்று காட்டும் மின்னணு முத்திரை) இருந்தால் நம்பி நிறுவலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். கேட்காமலே விளம்பரங்களைத் திணிக்கும் ஆட்வேர் விஷயத்தில் கெடுப்பதே இந்த நம்பிக்கைதான். ஆட்வேர் விடுபவர்கள் பலர் கம்பெனி பதிவு செய்து, பணம் கட்டி, கையொப்பமிடத் தேவையான சான்றிதழ் வாங்கி, முறைப்படி கையொப்பமிட்டே கோப்பை வெளியிடுகிறார்கள். ஒரு சான்றிதழ் ரத்தானால் வேறு பெயரில் இன்னொன்று வாங்குகிறார்கள். அதனால் கையொப்பம் செல்லுமா என்று மட்டும் பார்த்தால் போதாது. கையொப்பமிட்டவர் யார், அவருக்கும் இந்த மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால்தான் ஆட்வேர் மாட்டும்.

தனிக் கருவி இல்லாமலே இதைத் தொடங்கலாம். கோப்பைத் தேர்ந்து ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ப்ராப்பர்ட்டீஸ் திறக்கும். அதில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் டேபுக்குப் போங்கள். அங்கே பெயர் தெரிந்ததுமே மூடிவிடுவது பரவலாக நடக்கும் தவறு. அந்தப் பட்டியல் பெயரைக் காட்டுமே தவிர எதையும் சரிபார்க்காது. பெயரைத் தேர்ந்து டீடெய்ல்ஸ் அழுத்திய பிறகுதான் சோதனை நடக்கும், கையொப்பம் சரி என்ற வரியும் அப்போதுதான் வரும்.

எந்தப் பெயரை எதிர்பார்ப்பது? பயர்பாக்ஸுக்கு மொசில்லா கார்ப்பரேஷன், விஎல்சிக்கு வீடியோலேன், லிப்ரேஆபீஸுக்கு தி டாக்குமென்ட் பவுண்டேஷன், குரோமுக்கு கூகுள் எல்எல்சி. தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் புட்டி மென்பொருளில் அதை எழுதிய சைமன் டாதமின் பெயரே இருக்கும், தனிநபர் பெயர் என்பதால் சந்தேகப்பட வேண்டாம். விஎல்சி என்ற கோப்பில் கேள்விப்படாத ஏதோ மீடியா கம்பெனி கையொப்பமிட்டிருந்தால் அது அசல் இன்ஸ்டாலரைச் சுற்றிப் போர்த்திய ரேப்பர்தான். அளவும் உடனே காட்டிக்கொடுக்கும்: விஎல்சி இன்ஸ்டாலர் 40 எம்பி அளவில் இருக்க, ரேப்பர் ஒன்றிரண்டு எம்பியில் முடிந்துவிடும். மீதியை ஓடும்போது இறக்கிக்கொள்ளும். அப்படி இறங்கும் கோப்புகளுக்கு முதல் கோப்பின் கையொப்பம் பொறுப்பேற்காது.

பெரிய தளம் என்பதும் உத்தரவாதம் ஆகாது. 2015-இல் மென்பொருள் இறக்கும் தளமான சோர்ஸ்ஃபோர்ஜில் கிம்ப் என்ற பட எடிட்டிங் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பே விளம்பரங்கள் சேர்த்த இன்ஸ்டாலராக வந்தது, கிம்ப் குழு வெளிப்படையாகக் கண்டித்தது. 2016-இல் தளம் கைமாறியபோது அந்த முறையை நிறுத்தினார்கள்.

ஒரு கோப்புக்கு ப்ராப்பர்ட்டீஸ் போதும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் அலச மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பிலுள்ள சிக்செக் வேண்டும். இலவசம், நிறுவத் தேவையில்லை, கமாண்ட் ப்ராம்ப்டில் ஓடும். கட்டளையில் மூன்று எழுத்துகள் முக்கியம்: ‘-ஈ’ கோப்பின் எக்ஸ்டென்ஷன் எதுவானாலும் உள்ளே நிரல் இருக்கிறதா என்று பார்க்கும், ‘-எஸ்’ உள் ஃபோல்டர்களுக்கும் போகும், ‘-சி’ முடிவை சிஎஸ்வி ஆக்கும். அதை எக்செலில் திறந்து பப்ளிஷர் பத்தியை வரிசைப்படுத்தினால் ஒட்டாத பெயர் கண்ணில் படும்.

இந்தக் கருவியின் உண்மையான பலம் கம்பெனி, பப்ளிஷர் என்ற இரண்டு வரிகளையும் தனித்தனியே காட்டுவது. கம்பெனி என்பது கோப்பின் வெர்ஷன் தகவலில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளக் கூடியது. பப்ளிஷர் சான்றிதழிலிருந்து வருகிறது. கம்பெனியில் வீடியோலேன் என்றும் பப்ளிஷரில் வேறு பெயரும் இருந்தால் கோப்பை அழித்துவிடலாம், மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

குறையும் உண்டு. ‘-வி’ சேர்த்தால் கோப்பின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பல ஆன்டிவைரஸ்களால் கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடும். அதோடு எஸ்ஸையும் ஒட்டி ‘-விஎஸ்’ என்று எழுதிவிட்டால் (தனியே வரும் ‘-எஸ்’ வேறு), அங்கே இதற்கு முன் வராத கோப்புகளை அப்லோடே செய்துவிடும். அலுவலகக் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரில் அதைச் சேர்க்கவே கூடாது.

விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் பழகியவர்களுக்கு கெட்-ஆதென்டிகோட்சிக்னேச்சர் கட்டளை இருக்கிறது. அதன் விடைகளில் ஹாஷ்மிஸ்மேட்ச் வந்தால் கையொப்பமிட்ட பிறகு கோப்பு மாறியிருக்கிறது, தயங்காமல் நீக்குங்கள். நாட்சைன்ட், அதாவது கையொப்பமில்லை என்ற விடை, வேறு கதை. கையொப்பம் கோப்பின் கடைசியில் இருப்பதால், பாதியில் அறுந்த டவுன்லோடும் கையொப்பமில்லாதது போலத் தெரியலாம். முதலில் அளவை ஒப்பிடுங்கள். 7-ஜிப் போன்ற நல்ல மென்பொருளே நெடுங்காலமாகக் கையொப்பமின்றி வருகிறது. அங்கே அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நேரடியாக இறக்குவதுதான் வழி, ஷா-256 ஹாஷ் எண் வெளியிட்டிருந்தால் ஒப்பிட்டும் கொள்ளலாம். சான்றிதழ் காலாவதியானதைக் கண்டும் பதற வேண்டாம். அது செல்லுபடியான காலத்திலேயே டைம்ஸ்டாம்ப் (கையொப்பமிட்ட நேரத்தின் முத்திரை) பதிந்திருந்தால் கையொப்பம் பிறகும் செல்லும்.

பெயர் பொருந்தியும் ஏமாற இடமுண்டு. 2017-இல் கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்பு, அதைத் தயாரித்த பிரிஃபார்மின் செல்லுபடியான கையொப்பத்தோடே தீம்பொருளைச் சுமந்து வந்தது. கம்பெனியின் உள்ளேயே புகுந்து செய்த வேலை அது, எந்தக் கையொப்பச் சோதனையும் அதைப் பிடித்திருக்காது. இன்னொன்று சிவிஇ-2013-3900 என்று எண்ணிட்ட விண்டோஸ் பாதுகாப்பு ஓட்டை. கையொப்பம் பதியும் பகுதி கையொப்பக் கணக்கில் சேராது என்பதால், அங்கே தரவைத் திணித்தாலும் விண்டோஸ் சரி என்றே சொல்லும். சில நியாயமான இன்ஸ்டாலர்களும் இறக்கியவரின் அடையாளத்தை அங்கே பதிப்பதால், 2014-இல் மைக்ரோசாஃப்ட் கடுமையான சோதனையைக் கட்டாயமாக்காமல் விருப்பத்துக்கு விட்டது. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் வின்டிரஸ்ட் கான்ஃபிக் கீயில் எனேபிள்செர்ட்பேடிங்செக் மதிப்பை 1 ஆக்கினால் அது இயங்கும். 64 பிட் விண்டோஸில் வாவ்6432நோட் கிளையிலும் அதையே செய்ய வேண்டும். மாற்றிய பிறகு, ஒழுங்கான சில இன்ஸ்டாலர்களும் கையொப்பமில்லாதவையாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

கோப்பு எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோயிருந்தால் அதையும் கோப்பிடமே கேட்கலாம். பிரவுசர்கள் ஜோன்.ஐடென்டிஃபையர் என்ற மறைவான குறிப்பை ஒட்டிவைக்கின்றன. பவர்ஷெல்லில் கெட்-கன்டென்ட் கட்டளையோடு கோப்பின் பெயரையும் ‘-ஸ்ட்ரீம் ஜோன்.ஐடென்டிஃபையர்’ என்பதையும் கொடுங்கள். ஹோஸ்ட்யுஆர்எல் என்ற வரி இருந்தால் அதில் பெரும்பாலும் கோப்பு இறங்கிய முகவரி இருக்கும். பப்ளிஷர் பெயர் சந்தேகம் தரும் கோப்புகளில் அந்த முகவரியையும் சேர்த்துப் பாருங்கள். மென்பொருளைச் செய்தவரின் தளமாக இல்லாமல் இடைத்தரகு டவுன்லோட் தளமாக இருந்தால், கோப்பை நீக்கிவிட்டு அசல் தளத்திலிருந்து மறுபடி இறக்குங்கள்.