பசும்பாலுக்கு மாற்று: சோயாவா, ஓட்ஸா, பாதாமா?

பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாததால் பசும்பாலை விட்டுவிட்டு, ஓட்ஸ் பாலையும் பாதாம் பாலையும் பயன்படுத்திப் பார்த்த பின் சோயா பாலில் நிலைத்தவன் என்பதால், இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். மூன்றிலுமே லாக்டோஸும் கொலஸ்ட்ராலும் இல்லை என்பது தெரிந்ததே. சுவையில் முந்துவது ஓட்ஸ் பால். தயாரிப்பின்போது நொதிகள் மாவுச்சத்தை மால்டோஸாக உடைப்பதால், சர்க்கரை சேர்க்காமலேயே அதில் இலேசான இனிப்பு இருக்கும். பாதாம் பால் குடிப்பதற்கு இதமானது. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது புரதம். 240 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 8 கிராம் புரதம் உண்டு. அதே அளவு சோயா பாலில், அடர்த்தியைப் பொறுத்து, சுமார் 7 கிராம் கிடைக்கும். ஓட்ஸ் பாலில் 2 முதல் 3 கிராமும், பாதாம் பாலில் பெரும்பாலும் 1 கிராமும்தான். சோயா புரதத்தில் புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களில் உடலுக்கு இன்றியமையாத ஒன்பதும் உள்ளன. அவற்றுள் மெத்தியோனின் மட்டும் சற்றுக் குறைவு. நாளுக்கு இரண்டு வாய் காபிக்கு மட்டும் பால் ஊற்றுபவருக்கு இந்தக் கணக்கு பெரிதல்ல. இறைச்சியும் முட்டையும் உண்ணாமல், புரதத்துக்குப் பாலையே பெரிதும் நம்பியிருந்தவர் பாதாம் பாலுக்கு மாறினால், கோப்பை நிறைந்திருந்தாலும் இழப்பு பெரிது.

கால்சியத்தில் சோயாவுக்கு இந்தப் பெருமை இல்லை. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருக்க, எதுவும் சேர்க்காத சோயா பாலில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே கால்சியமும் பி12 வைட்டமினும் சேர்க்கப்பட்டதா என்று பொதியின் மேல் பார்த்து வாங்க வேண்டும். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும் என்பதால், குலுக்காமல் ஊற்றினால் அது சுண்ணாம்புக் குழம்பு போலப் பொதியின் மூலையிலேயே தங்கிவிடும்.

வீட்டில் அரைக்கும் சோயா பாலுக்கு இந்தச் சேர்மானம் கிடையாது. வேறொரு கவனமும் வேண்டும். ஊறிய சோயா பயறைக் கொதிநீர் விட்டு அரைத்தால், பச்சை வாடைக்குக் காரணமான லிபாக்ஸிஜனேஸ் நொதி செயலிழக்கும். அடுப்பில் வைத்ததும், கொதிநிலையை எட்டும் முன்பே நுரை பொங்கி ஏமாற்றும். அதைக் கொதி என்று நம்பி இறக்கினால் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அழியாமல் தங்கும். நுரையைக் கிளறி அடக்கி, மேலும் பத்து நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும்.

குழந்தைகளுக்குக் கொடுத்த அனுபவம் எனக்கில்லை; ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கான பால்மாவுக்கோ ஈடாக இவற்றில் எதையும் கொடுக்கக் கூடாது. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புளிப்பு மிகுந்த சூடான காபியில் சோயா பால் திரிந்து மிதக்கும். பாலை முன்னதாகச் சூடாக்கி, அதன்மேல் காபியை மெல்ல ஊற்றினால் பெரும்பாலும் தப்பும். அப்போதும் திரிந்தால், அந்தக் காபிக்கு மட்டும் ஓட்ஸ் பால் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.