‘இன்றே ஊற்றி இன்றே மீன் விடலாம்’ என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுவேன், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. தொட்டியில் ஒரு மீன்கூட உயிரோடு இல்லை.

மீன்தொட்டிச் சாமான்கள் மட்டும் விற்கும் ஓர் இணையக் கடை. தொட்டி, வடிகட்டி, ஹீட்டர், குளோரின் நீக்கி, ‘உயிருள்ள நன்மை பாக்டீரியா’ என்று அச்சிட்ட குப்பி, அத்துடன் மீன்கள் என எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பு. பணம் கட்டும் முன்பு அவர்களே தொலைபேசியில் அழைத்தார்கள். பேசியவர் அவசரப்படவில்லை. தொட்டி எத்தனை லிட்டர், குழாய்த் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா, வெயில் நேராக விழும் இடமா என்று ஒரு மருத்துவரைப் போல விசாரித்தார். புதுத் தொட்டியில் மீன் கழிவின் நஞ்சை நீக்கும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும் என்று படித்திருந்ததால், நேராகவே கேட்டேன். சிரித்தார். “அது பழைய காலத்துக் கதை சார். எங்கள் குப்பியை ஊற்றுங்கள், அன்றைக்கே மீனை விடுங்கள்” என்றார். சரி, தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டும் சேர்த்து அனுப்புங்கள் என்றேன். “வீண் செலவு சார், எங்கள் பொருளுக்கு அது தேவையே இல்லை” என்றார். அந்த இடத்தில்தான் முழுதாக நம்பினேன். விற்கிறவரே ஒரு பொருளை வாங்க வேண்டாம் என்று சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இப்போது புரிகிறது. டெஸ்ட் கிட் இருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அரை மாதச் சம்பளத்தை அனுப்பினேன். எல்லாம் வந்தது. சொன்னபடியே குளோரினை நீக்கி, குப்பியை அளந்து ஊற்றி, மீன்களை விட்டேன். மறுநாளே தண்ணீர் பால்போல வெளுத்தது. படம் அனுப்பினேன். “பார்த்தீர்களா, பாக்டீரியா வேலை செய்கிறது!” என்று பதில் வந்தது. பிறகு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் சிவந்தன. ஒவ்வொன்றாகச் செத்தன. உள்ளூரில் ஒரு டெஸ்ட் கிட் வாங்கிச் சோதித்தேன். அம்மோனியா 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4 பங்கு). நைட்ரைட் பூஜ்ஜியம். நைட்ரேட்டும் பூஜ்ஜியம்.

இதன் பொருள் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கும். அம்மோனியா ஏறி, மற்ற இரண்டும் பூஜ்ஜியமாக இருந்தால் முதல் படியே தொடங்கவில்லை என்று பொருள். அந்தப் பால் வெளுப்பும் பாக்டீரியாதான், ஆனால் கழிவைத் தின்று வேகமாகப் பெருகும் வேறு இனம். அம்மோனியாவைத் தின்பவை மெதுவாகவே பெருகும். இரட்டிப்பாக அரை நாளோ ஒரு நாளோ ஆகும்.

இன்னொன்று. குப்பியின் லேபிளில் ‘எந்த வெப்பநிலையிலும் 5 ஆண்டு கெடாது’ என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வித்து உருவாக்கி உறங்கிக் கிடக்கும் இனம் அல்ல. கொதிக்கும் வெயிலிலும் உறைபனியிலும் செத்துப்போகும். ஐந்தாண்டு தாங்குகிறது என்றால் உள்ளே இருப்பது வேறு ஏதோ என்று அவர்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்! நல்ல நிறுவனங்களின் குப்பிகளும் உண்டு, அவை நாள்களைக் குறைக்கும் என்பதை மறுக்கவில்லை. அவற்றில் பலவற்றில் தேதியும், குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லும் குறிப்பும் இருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்த கூத்து தனி. முதலில் உணவு அதிகம் போட்டிருப்பீர்கள் என்றார்கள். அடுத்தவர், உங்கள் குழாய்த் தண்ணீர் சரியில்லை என்றார். குளோரின் நீக்கியே அவர்கள் அனுப்பியதுதான் என்றதும் அவர் உரையாடலை மூடிவிட்டார். மூன்றாமவர் டெஸ்ட் கிட் முடிவு கேட்டார். ஆம், வாங்க வேண்டாம் என்று அவர்களே சொன்ன அதே டெஸ்ட் கிட்! படம் அனுப்பியதும், உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார். சரி, குப்பிக்காவது பணம் கொடுங்கள் என்றேன். திறந்த குப்பியைத் திரும்பப் பெறமாட்டார்களாம். திறக்காமல் அது வேலை செய்யவில்லை என்று எப்படித் தெரியும்? கடைசியில் அரை மாதச் சம்பளத்துக்கு ஈடாகக் கிடைத்தது, அதே குப்பியை மறுபடி வாங்க ஒரு தள்ளுபடிக் கூப்பன்.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் அளக்கும் திரவ டெஸ்ட் கிட்டை முதலில் வாங்குங்கள். தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டைகள் பலவற்றில் அம்மோனியா அளவே இருக்காது. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள், அந்த பாக்டீரியா அதில்தான் குடியிருக்கும். அதைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். மீன் இல்லாத தொட்டியில் 2 பிபிஎம் அம்மோனியா விட்டு, அதுவும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்ஜியமானால்தான் மீன் விடலாம். தொலைபேசியில் சொல்வதை எல்லாம் எழுத்தில் கேளுங்கள். என்னிடம் அந்த உரையாடலுக்கு ஆதாரம் இல்லை.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். அரை மாதச் சம்பளத்தை மீட்க வங்கிக்கு முறையீடு எழுத வேண்டியிருக்கிறது.