பெயர் வெட்டாமல் பெயர் போடும் லேசர்: பீன்யா பட்டறையில் செய்த டம்ளர்கள்

தர்மபுரியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. எவர்சில்வரில் பெயர் வெட்டுவது முப்பது வருஷமாக அப்பாவின் வேலை. மெஷின் ஊசி அதிர்ந்து அதிர்ந்து புள்ளி புள்ளியாகக் குத்தும்; விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். அக்கா மகள் கல்யாணச் சீருக்கு வேறு மாதிரி செய்யலாம் என்று, பெங்களூரு பீன்யாவில், ஒளியை மிக மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாய்ச்சும் ஃபெம்டோசெகண்ட் லேசர் வைத்திருக்கும் ஒரு ஜாப் வொர்க் பட்டறைக்குப் போனேன். கையில் ஆறு டம்ளர், 5 சென்டிமீட்டர் சதுரத்தில் இரண்டு 304 ரக எவர்சில்வர் தகடு.

டம்ளரில் லேசர் ஓடிய இடத்தில் மையும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. தடவினால் வழவழப்புதான். வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் சாய்த்தேன். மணப்பெண் பெயர் நீலத்தில் தொடங்கி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஓடியது. சிடியின் பின்பக்கம் மின்னுமே, அதே சங்கதிதான். ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் லேசர் வரப்பு வரப்பாகப் போட்டிருக்கிறது; அதில் பட்ட வெளிச்சம்தான் நிறம் நிறமாகப் பிரிகிறது. ஒரு தலைமுடி அகலத்தில் எழுபது எண்பது வரப்பு அடங்கிவிடும். ஒவ்வொரு துடிப்பும் ஒரு செகண்டில் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. சூடு பரவ நேரமே இல்லாததால் எழுத்தோரத்தில் கருகலோ பிசிறோ துளியும் இல்லை.

ஆபரேட்டர் தம்பி கிருஷ்ணகிரிக்காரர். "அண்ணா, பொண்ணு பேர ஒரு திசையில, மாப்பிள்ளை பேர குறுக்குத் திசையில போடவா?" என்றார். ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பினால் வரப்பும் கூடவே திரும்புமாம். இப்போது டம்ளரை ஒரு பக்கம் திருப்பினால் அவள் பெயர் ஒளிர்கிறது; இன்னொரு பக்கம் திருப்பினால் அது அடங்கி அவர் பெயர் எழும்புகிறது. அப்பா அதை வாங்கி வாசற்படியில் கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

குறைகளும் உண்டு. முதல் இரண்டு டம்ளரில் எழுத்தின் இரு ஓரமும் மங்கிவிட்டன. டம்ளர் வளைவானது, லேசர் குவியும் ஆழமோ மிகக் குறைவு. டம்ளரைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் மாட்டிச் செய்த மற்ற நான்கும் சரியாக வந்தன. இதை முன்பே யோசித்திருக்க வேண்டியது அவர்கள்தான். அந்த இரண்டு டம்ளர் எனக்கு நஷ்டம். அப்புறம், மண்டப டியூப்லைட்டில் வண்ணம் தெரியாது, சாம்பல் நிழலாகத்தான் இருக்கும். கெட்டுப்போன டம்ளர் ஒன்றைக் கம்பி நாரால் தேய்த்துப் பார்த்தேன்; நாலே தேய்ப்பில் வானவில் போய்விட்டது. தினசரிப் புழக்கத்துக்கு அப்பாவின் ஊசிதான் சரி.

தகடுகளைக் கொண்டுபோனது என் சொந்த ஆசைக்கு. 2015-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் சுன்லெய் குவோவின் குழு, லேசர் பட்ட உலோகத்தின் மேல் நீர்த்துளி துள்ளி ஓடுவதைக் காட்டியது. அதைப் பார்த்ததிலிருந்து நம் எவர்சில்வரில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. தகட்டில் சில பத்து மைக்ரோமீட்டர் அகலத்தில் கட்டம் கட்டமாகச் செதுக்கி, அதன் மேல் டம்ளரில் போட்டது போன்ற நுண்ணிய நானோ வரிகள் போட்டார்கள். தாமரை இலையிலும் இந்த இரட்டை அமைப்புதான்: சிறு மேடுகள், மேட்டின் மேல் மெழுகுத் துகள்கள். தகடு கரிக்கட்டை போலக் கறுத்து வந்தது.

வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உருளவில்லை. மண் தரை குடிப்பதுபோல் சட்டென்று பரவி ஒட்டிக்கொண்டது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்துப் போன் செய்தால், "மூணு வாரம் காத்துல சும்மா வைங்கண்ணா" என்றார் தம்பி. புதிதாக லேசர் பட்ட உலோகம் தண்ணீரை இழுக்கும். காற்றிலுள்ள கார்பன் சேர்மங்கள் மெல்லப் படியப் படிய விரட்ட ஆரம்பிக்கும். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். மூன்று வாரம் கடைப் பரணில் கிடந்த தகட்டில் சொட்டு விட்டேன். முத்துப்போல் திரண்டு நின்றது. லேசாகச் சாய்த்ததும் தடமே இல்லாமல் ஓடி, மேலே இருந்த தூசியையும் கூட்டிக்கொண்டு விழுந்தது. சோப்புத் தண்ணீர் மட்டும் படிந்துவிடுகிறது.

டம்ளர் ஒன்றுக்கு 900 ரூபாய், தகடு ஒன்றுக்கு 3,500. ஒரு தகட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மெஷின் ஓடியது. அந்த விலை எனக்குச் சரியாகவே பட்டது. சீருக்கும் பரிசுக்கும் தாராளமாகப் போகலாம். வளைவான பாத்திரம் என்றால் சக்கில் மாட்டிச் செய்யச் சொல்லி முதலிலேயே கேளுங்கள். எழுத்தை வெளிப்பக்கம் மட்டும் போடுங்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் கொடுத்துவிடுங்கள்.